சொல்லில் நின்று பொருள் காண்போம்
(விழா மேடையில் ஆற்றிய உரை)

 

ஆங்கில வகுப்பில் செய்யுள், வரலாற்று உரைநடை, சிறுகதை ஆகிய மூன்றையும் மாணவர் எவ்வாறு படித்துப் பொருள் கொள்ள வேண்டும் என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். திருவிழா மேடைக்கும் இப்பொருளுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். இன்று நம் குடும்பங்களில் பெரும்பாலான பிள்ளைகள் ஆங்கில வழியில் பயில்கின்றனர். ஒரு நூலை எப்படி அணுக வேண்டும் என்னும் பழக்கம் அவர்களுக்குப் பெரும்பாலும் அந்த ஆங்கில வகுப்பில்தான் அமைகிறது. அங்கே அமையும் பழக்கத்தையே பின்னாளில் செய்தித்தாளைப் படிக்கும்போதும், கைப்பேசியில் வந்து விழும் செய்தியைப் படிக்கும்போதும், நில ஆவணத்தில் கையொப்பமிடும்போதும் அவர்கள் கைக்கொள்வர். நம் முன்னோர் நூல்களைத் திறக்கும்போதும் அப்பழக்கமே உடன் வரும். ஆகவே இதனை மதிப்பெண் பற்றிய பேச்சாக மட்டும் கொள்ள வேண்டா என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது நடப்பது என்ன? பாடம் தொடங்குவதற்கு முன்பே ‘கைடு’ என்று நாம் வழங்கும் வழிகாட்டி நூல் வீட்டுக்கு வந்துவிடுகிறது. அதில் பாட்டின் மையக்கருத்து நான்கு வரியில் இருக்கிறது; கதையின் நீதி இரண்டு வரியில் இருக்கிறது. பிள்ளை அந்த ஆறு வரிகளை மனப்பாடம் செய்கிறது; மூலத்தைப் படிப்பதில்லை. படித்தாலும், கைடு சொன்னதை உறுதி செய்துகொள்ளவே படிக்கிறது. விடையை முதலில் பெற்றுக்கொண்டு நூலைப் பிறகு திறப்பவருக்கு நூல் புதிதாக ஒன்றையும் சொல்லாது.

மூவகை எழுத்தும் மூன்று வேறு உறுதிகளை நமக்குத் தருகின்றன. செய்யுள் ஒரு குரலைத் தருகிறது. வரலாற்று உரைநடை, ‘இது நடந்தது’ என்று உறுதி கூறுகிறது. சிறுகதை, நடவாத ஒன்றை நடந்ததுபோல் காட்டி அதன் வழியே ஓர் உண்மையை உணர்த்த முயல்கிறது. உறுதி வேறாகும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வியும் வேறாகும். மத்தியக் கல்வி வாரியப் பள்ளிகளில் நெடுங்காலம் பயிற்றப்பட்டு வந்த மூன்று பாடங்களைக் கொண்டே இதனை விளக்குகிறேன். இங்கே அமர்ந்திருக்கும் மாணவர் பலருக்கும் அவை அறிமுகமானவை.

முதலில் செய்யுள். அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃபிராஸ்ட் எழுதிய ‘செல்லாத பாதை’ என்னும் பாட்டு ஒன்பதாம் வகுப்பின் ‘பீஹைவ்’ நூலில் இடம்பெற்றது. 1915-இல் இதழ் ஒன்றில் வெளியாகி, 1916-இல் அவருடைய தொகுப்பின் முதற்பாட்டாக அமைந்தது. நான்கு பத்திகள், மொத்தம் 20 அடிகளே. காட்டில் நடந்து செல்லும் ஒருவன், வழி இரண்டாகப் பிரியும் இடத்தில் நிற்கிறான். ஒன்றைத் தேர்ந்து நடக்கிறான். இவ்வளவே நிகழ்ச்சி.

இதன் மையக்கருத்து என்ன என்று கேட்டால், பத்து மாணவரில் ஒன்பதின்மர், ‘பிறர் செல்லாத புதுவழியில் துணிந்து செல்; வெற்றி பெறுவாய்’ என்று எழுதுகின்றனர். பாராட்டு விழாக்களிலும் இப்பாட்டு இப்பொருளிலேயே எடுத்தாளப்படுகிறது. ஆனால் பாட்டில் உள்ள சொற்கள் என்ன சொல்கின்றன? இரண்டாம் பாதையில் புல் சற்று மிகுதி, ஆகவே அது நடையை வேண்டி நின்றது என்று அவன் தொடங்குகிறான். அடுத்த அடியிலேயே தன் கூற்றைத் திருத்திக்கொள்கிறான்: உண்மையில் இரண்டு பாதைகளும் ஏறக்குறைய ஒரே அளவே தேய்ந்திருந்தன என்கிறான். மூன்றாம் பத்தியில், அன்று காலையில் இரண்டின் மீதும் மிதிபடாத இலைகள் ஒருபடியாகவே கிடந்தன என்று மீண்டும் சொல்கிறான். அப்படியாயின் ‘குறைவாக நடக்கப்பட்ட பாதை’ எங்கிருந்து வந்தது? கடைசிப் பத்தியில் வருகிறது. அங்கே அவன் நிகழ்ந்ததைச் சொல்லவில்லை. பல்லாண்டுகள் கழித்துத் தான் எப்படிச் சொல்லப்போகிறேன் என்பதைச் சொல்கிறான். ஒரு பெருமூச்சோடு சொல்வேன் என்றும் கூறுகிறான்.

இதனைக் கண்டுகொண்ட மாணவனுக்குப் பாட்டு முற்றிலும் வேறாகத் தோன்றும். துணிவைப் போற்றும் பாட்டு என்று எண்ணியது, மனிதன் தன் வாழ்க்கையைப் பின்னாளில் எப்படிக் கதையாக்கிக்கொள்கிறான் என்பதைக் காட்டும் பாட்டாக மாறிவிடும். அந்தப் பெருமூச்சு நிறைவினால் எழுந்ததா, ஏக்கத்தினால் எழுந்ததா என்று பாட்டு சொல்லவில்லை. அதனை வகுப்பில் வாதிடலாம், வாதிடவும் வேண்டும். பாட்டின் தலைப்பும் நடந்த பாதையைக் குறிக்கவில்லை. விட்ட பாதையையே குறிக்கிறது.

கவிஞரின் வாழ்க்கைச் செய்தி இதற்குத் துணை செய்கிறது. ஃபிராஸ்ட் 1912 முதல் 1915 வரை இங்கிலாந்தில் வாழ்ந்தார். அங்கே எட்வர்ட் தாமஸ் என்னும் எழுத்தாளர் அவருக்கு உற்ற நண்பரானார். இருவரும் நாட்டுப்புற வழிகளில் நெடுந்தொலைவு நடப்பர். எந்த வழியில் சென்றாலும், மற்ற வழியில் சென்றிருக்கலாமே என்று தாமஸ் வருந்துவாராம். அந்த இயல்பை மனத்திற்கொண்டே ஃபிராஸ்ட் இப்பாட்டை எழுதினார். தாமஸ் 1915-இல் படையில் சேர்ந்து, 1917 ஏப்ரலில் பிரான்சு நாட்டின் அராஸ் போர்க்களத்தில் உயிரிழந்தார். இச்செய்திகள் பாட்டின் மீது ஒளி பாய்ச்சுகின்றன. எனினும் வரிசை முக்கியம்: முதலில் சொல், பிறகு வரலாறு. சொற்களைப் படியாமல் வரலாற்றை மட்டும் மனப்பாடம் செய்தால் அதுவும் மற்றொரு கைடு ஆகிவிடும். செய்யுளிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி இது: ‘பேசுபவர் யார்? அவர் உண்மையில் என்ன சொன்னார்? எந்தச் சொல் அதற்குச் சான்று?’

அடுத்து வரலாற்று உரைநடை. பன்னிரண்டாம் வகுப்பின் ‘ஃபிளமிங்கோ’ நூலில் ‘இண்டிகோ’, அதாவது ‘அவுரி’ என்னும் பாடம் உண்டு. அமெரிக்க இதழாளர் லூயி ஃபிஷர் 1950-இல் வெளியிட்ட காந்தியடிகள் வரலாற்றிலிருந்து எடுக்கப்பட்டது அது. பீகாரின் சம்பாரண் மாவட்டத்தில் குத்தகை உழவர்கள் தம் நிலத்தில் இருபதில் மூன்று பங்கில், அதாவது 15 விழுக்காட்டில், அவுரி பயிரிட்டு விளைச்சல் முழுவதையும் வெள்ளைத் தோட்ட முதலாளிகளுக்கு வாடகையாகக் கொடுக்க வேண்டியிருந்தது. செர்மனி செயற்கைச் சாயம் கண்டுபிடித்த செய்தி அறிந்த முதலாளிகள், உழவரை அக்கட்டிலிருந்து விடுவிப்பதற்கும் இழப்பீடு எழுதி வாங்கினர். ராஜ்குமார் சுக்லா என்னும் உழவர் காந்தியடிகளை விடாது பின்தொடர்ந்து சம்பாரணுக்கு அழைத்து வந்தார். 1917-இல் விசாரணை நடந்தது. முடிவில் முதலாளிகள் 25 விழுக்காட்டைத் திருப்பித் தர உடன்பட்டனர்.

இப்பாடத்தைக் கதைபோல் படித்து, ‘தலைவருக்குரிய பண்புகள் யாவை?’ என்று விடை எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். வரலாற்றை அவ்வாறு படித்தல் போதாது. எழுதியவர் அங்கே இருந்தாரா? இல்லை. ஃபிஷர் சேவாகிராம ஆசிரமத்துக்கு வந்து காந்தியடிகளோடு ஒரு வாரம் தங்கியது 1942 ஜூன் திங்களில். ஆங்கிலேயரை வெளியேறுமாறு கேட்பது என்னும் முடிவுக்குத் தாம் வந்தது 1917-இல் என்று காந்தியடிகள் அப்போது தம்மிடம் சொன்னதாக அவர் எழுதுகிறார். அது 25 ஆண்டுகளுக்குப் பின் சொல்லப்பட்ட நினைவு. சொல்லப்பட்ட காலமும் கருதத்தக்கது. ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம் நிறைவேறியது 1942 ஆகஸ்டு 8-ஆம் நாள். அதற்கு இரு திங்கள் முன்பு அச்சொற்கள் பேசப்பட்டன. மேலும், சம்பாரணுக்கு அடுத்த ஆண்டான 1918-இல் கேடா மாவட்டத்து ஊர்களில் காந்தியடிகள் ஆங்கிலேயப் படைக்கு ஆள் சேர்க்கச் சுற்றினார் என்பதும் வரலாறே.

இதனால் காந்தியடிகள் பொய் சொன்னார் என்றோ ஃபிஷர் தவறாக எழுதினார் என்றோ பொருளில்லை. 1942-இல் நின்று திரும்பிப் பார்க்கும் ஒருவருக்கு, பின்னர் வளர்ந்த மரத்தின் வித்து 1917-இல் தெரிகிறது. 1917-இல் நின்றவருக்கு அம்மரம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. இவ்வேறுபாட்டை உணர்வதே வரலாற்றைப் படிக்கும் முறை. ஒப்பிட்டுப் பார்க்கச் சான்றுகளும் உள்ளன. காந்தியடிகளே தம் ‘சத்திய சோதனை’யில் சம்பாரணைப் பற்றி எழுதியிருக்கிறார், உடன் பணியாற்றிய வழக்கறிஞர் இராசேந்திர பிரசாத் தனி நூலே எழுதியிருக்கிறார்.

பாடத்துக்குள்ளும் பிரித்தறிய வேண்டியது ஒன்றுண்டு. 25 விழுக்காடு என்பது நிகழ்ச்சி. தொகையைவிட, முதலாளிகள் தம் மதிப்பின் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க நேர்ந்ததே பெரிது என்பது விளக்கம். விளக்கம் ஏற்கத்தக்கதாக இருக்கலாம். ஆயினும் அதனை நிகழ்ச்சியோடு கலந்துவிடலாகாது. வரலாற்றிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி: ‘எழுதியவருக்கு இது எப்படித் தெரியும்? எப்போது, யார் சொன்னது? எது நிகழ்ச்சி, எது விளக்கம்?’

மூன்றாவது சிறுகதை. அதே ‘ஃபிளமிங்கோ’ நூலின் முதற்பாடம், பிரெஞ்சு எழுத்தாளர் அல்போன்ஸ் தோதே எழுதிய ‘கடைசிப் பாடம்’. 1870-71-ஆம் ஆண்டுப் போரில் பிரான்சு தோற்று, அல்சாஸ் மாநிலமும் லொரேன் மாநிலத்தின் ஒரு பகுதியும் செர்மானியர் கைக்குச் சென்றன. அப்பின்னணியில் எழுந்த இக்கதை 1873-இல் தொகுப்பாக வெளிவந்த நூலில் உள்ளது. பிரான்ட்ஸ் என்னும் சிறுவன் பள்ளிக்குத் தாமதமாகச் செல்கிறான். அங்கே வழக்கமான இரைச்சல் இல்லை. ஆசிரியர் ஹாமேல் சிறப்பு நாளுக்குரிய உடை அணிந்திருக்கிறார். கடைசி விசுப்பலகையில் ஊர்ப் பெரியவர்கள் அமர்ந்திருக்கின்றனர். இனிப் பள்ளிகளில் செர்மன் மொழியே கற்பிக்கப்படும் என்று பெர்லினிலிருந்து ஆணை வந்துவிட்டது. இன்றே கடைசிப் பிரெஞ்சுப் பாடம்.

கைடு இதற்குத் ‘தாய்மொழிப் பற்று’ என்று பெயரிட்டு முடித்துவிடும். நாம் சற்று நின்று பார்ப்போம். கதையைச் சொல்பவன் சிறுவன். காலையில் சுமையாகத் தோன்றிய இலக்கணப் புத்தகம், ஒரு மணி நேரத்தில் பிரிய மனமில்லாத பழைய நண்பனாகத் தோன்றுகிறது. புத்தகம் மாறவில்லை, பார்ப்பவன் மாறினான். ‘அவன் வருந்தினான்’ என்று எழுதாமல், பொருள் ஒன்றின் மீது அவன் பார்வை மாறுவதைக் காட்டி ஆசிரியர் அவ்வருத்தத்தை நமக்குத் தருகிறார். சிறுகதையின் வேலை அதுவே.

பழி யாருக்கு என்பதையும் பார்க்க வேண்டும். ஆணை பெர்லினிலிருந்து வந்ததுதான். ஆயினும் ஹாமேல், சிறிது காசு கிடைக்கும் என்று பிள்ளைகளை வயலுக்கும் ஆலைக்கும் அனுப்பிய பெற்றோரைக் குறிப்பிடுகிறார். உடனே தம்மையும் சேர்த்துக்கொள்கிறார்: தம் பூச்செடிகளுக்கு நீர் ஊற்றப் பிள்ளைகளை அனுப்பியதையும், மீன் பிடிக்கச் செல்ல விரும்பியபோதெல்லாம் விடுமுறை விட்டதையும் சொல்கிறார். பகைவன் பறித்தது பாதி. நாம் நழுவவிட்டது பாதி. ‘நாளைக்குக் கற்றுக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போட்ட ஓர் ஊரின் கதை இது. இதைக் கேட்கும் நம் போன்ற சிறு சமூகத்தினருக்கு நெஞ்சில் ஏதோ உறுத்தாமல் போகாது.

இன்னும் ஒரு நுட்பம். கதையில் வரும் பெயர்களைப் பாருங்கள்: பிரான்ட்ஸ், ஹௌசர், வாக்டர். இவை செர்மானியச் சாயல் கொண்ட பெயர்கள். அல்சாஸ் மக்களுள் மிகப் பெரும்பாலோர் அக்காலத்தில் வீட்டில் பேசியது செர்மானிய இனத்தைச் சேர்ந்த ஒரு வட்டார மொழி. பிரெஞ்சு அவர்களுக்குப் பள்ளியின் மொழி, நாட்டின் மொழி. இதனைக் கதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. சொல்லாததால் கதையின் உணர்ச்சி பொய்யாகிவிடாது. ஆனால் ‘தாய்மொழி’ என்று விடைத்தாளில் எழுதுமுன் மாணவன் ஒரு கணம் தயங்க வேண்டும். ஒரு பெயரைக் கவனித்தமையால் மட்டுமே இத்தயக்கம் பிறக்கிறது. சிறுகதையிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி: ‘யார் கண்ணால் பார்க்கிறோம்? தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே மாறியது எது? சொல்லாமல் விடப்பட்டது எது?’

இவ்விடத்தில் ஒரு தடை எழும். ‘இப்படிப் பலவாறு பொருள் கொள்ளலாம் என்றால், யார் எதைச் சொன்னாலும் சரிதானே?’ என்று மாணவர் கேட்பர். அநேகாந்தம் அறிந்த நமக்கு இக்கேள்வி புதிதன்று. ஒரு பொருளுக்குப் பல தன்மைகள் உண்டு என்ற கொள்கை, எல்லாக் கூற்றும் மெய்யே என்று ஒருநாளும் சொல்லியதில்லை. ‘இந்நோக்கில் இவ்வாறு’ என்று, நிற்கும் இடத்தைச் சொல்லிப் பேச வேண்டும் என்றே அது கட்டுப்படுத்துகிறது. பாட்டுக்குப் பொருள் சொல்பவனும் தான் நிற்கும் அடியைக் காட்ட வேண்டும். பெருமூச்சு ஏக்கமே என்பவனும் நிறைவே என்பவனும் ஒரே வகுப்பில் மதிப்போடு அமரலாம். இருவரும் சான்று காட்டக் கடமைப்பட்டவர்கள். பாதைகள் ஒன்றுபோல் இருந்தன என்ற அடியைப் படியாமலே பேசுபவனுக்கு நோக்கு என்று ஒன்று இல்லை. அவனிடம் இருப்பது கைடின் வாசகமே.

நம் வரலாற்றிலேயே இதற்கு ஒரு நற்சான்று உண்டு. உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் பணியாற்றியபோது சீவக சிந்தாமணியைப் படிக்கத் தொடங்கினார். பெரும்புலவரிடம் பயின்றவராயினும், அந்நூலில் வரும் சமணக் கருத்துகளும் சொற்களும் அவருக்கு விளங்கவில்லை. தாமே ஏதோ ஒரு பொருளைப் புனைந்துகொள்ளாமல், அவ்வூரில் வாழ்ந்த சமணர் இல்லங்களைத் தேடிச் சென்றார். அங்கே அந்நூலை முறையாகப் படித்துப் பொருள் கேட்கும் வழக்கம் வழிவழியாக இருந்து வந்தது. அவர்களிடம் கேட்டுத் தெளிந்தார், ஏடுகளை ஒப்பிட்டார், 1887-இல் நூலை உரையுடன் அச்சிட்டார். தெரியாததைத் தெரியாது என்று உணர்தல், சொல்லை விடாமல் பற்றுதல், அறிந்தவரை நாடிக் கேட்டல் ஆகிய மூன்றும் அங்கே ஒன்றுகூடின. அன்று கேள்வி கேட்டவருக்கு விடை சொல்ல நம் இல்லங்களில் படிப்பவர் இருந்தனர். நாளை ஒருவர் அவ்வாறு நம் வாயிலுக்கு வந்து கேட்டால், விடை சொல்லும் படிப்பு நம் பிள்ளைகளிடம் இருக்குமா? ஆங்கில வகுப்பை நான் இவ்வளவு பொருட்படுத்துவதன் காரணம் இதுவே. எந்த மொழியில் பயின்றாலும் கூர்ந்து படிக்கும் பழக்கம் ஒன்றே. ஒன்றில் அமைந்தால் மற்றொன்றுக்கும் உதவும், ஒன்றில் கெட்டால் மற்றொன்றிலும் கெடும்.

‘எங்களுக்கு ஆங்கிலம் தெரியாதே, நாங்கள் என்ன செய்ய முடியும்?’ என்று தாய்மார்கள் கேட்கலாம். மிகுதியாகச் செய்ய முடியும். வாரத்தில் ஒருநாள், இரவு கைப்பேசியை எடுக்குமுன், பிள்ளையிடம் அன்று நடந்த பாடத்தைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். புரியாத ஒன்றைத் தன் மொழியில் ஒருவரால் சொல்ல முடியாது. எங்கே தடுமாறுகிறதோ அங்கே பாடம் புரியவில்லை என்று அறிந்துகொள்ளலாம். பிறகு இவற்றை மட்டும் கேளுங்கள்: ‘இதைச் சொல்வது யார்? அவருக்கு எப்படித் தெரியும்? புத்தகத்தில் அது எந்த இடத்தில் இருக்கிறது, எனக்குக் காட்டு.’ பிள்ளை பக்கத்தைத் திருப்பி ஓர் அடியின் மீது விரலை வைக்குமானால், உங்களுக்கு அவ்வடி படிக்கத் தெரியாவிட்டாலும், நீங்கள் நல்லாசிரியர் வேலையைச் செய்து முடித்தவர் ஆவீர்கள். பாட்டிமார்கள் கேட்டால் இன்னும் நன்று. அவர்களிடம் கைடு செல்லாது.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். தேர்வுக்குக் கைடு பயன்படுமாயின் அதனைப் படியுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் மூலத்தை இருமுறை படித்து, உங்கள் விடையை நான்கு வரியில் எழுதி வைத்த பிறகே அதனைத் திறவுங்கள். இரண்டும் ஒத்திருந்தால் மகிழுங்கள். வேறுபட்டால் மீண்டும் மூலத்துக்குச் செல்லுங்கள். நூல் எதன் பக்கம் நிற்கிறதோ அதுவே வெல்லட்டும். சிலவேளை நீங்கள் தோற்பீர்கள். சிலவேளை கைடு தோற்கும். இரண்டிலும் நீங்கள் கற்றிருப்பீர்கள்.

விழாக் குழுவினரிடம் ஒரு விண்ணப்பம் வைத்து முடிக்கிறேன். ஆண்டுதோறும் மாணவருக்கு மதிப்பெண் பரிசு வழங்குகிறீர்கள்; அது தொடரட்டும். அதனோடு, தாம் படித்த ஒரு பாட்டையோ கதையையோ வரலாற்றுப் பகுதியையோ எடுத்து, அதிலுள்ள ஒரே ஒரு சொல்லைக் காட்டி, அதனால் தமக்குப் புலனான பொருளை ஐந்து நிமிடம் தமிழில் விளக்கும் பிள்ளைக்கு அடுத்த விழாவில் ஒரு பரிசு வையுங்கள். ஆங்கிலப் பாடமாயினும் தமிழில் விளக்கட்டும், பெரியவர்கள் கேட்கட்டும், கேள்வியும் கேட்கட்டும். கூர்ந்து படிப்பவரும் கூர்ந்து கேட்பவரும் ஒரே அவையில் இருந்த காலத்தில்தான் நம் நூல்கள் பிழைத்தன.